கூடப் படிக்கும் பிள்ளைகளே போலிக் கணக்கு தொடங்கிக் கேலி செய்தால்?

கேள்வி: என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், 13 வயது. அவள் பெயரிலும் படத்திலும் வகுப்புப் பிள்ளைகள் சிலர் இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி, அவளே எழுதுவது போல அசிங்கமாகப் பதிவு போடுகிறார்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் பகிர்ந்து சிரிக்கிறார்கள். காலையானால் வயிற்றுவலி என்கிறாள், பள்ளிக்குப் போக மாட்டேன் என்கிறாள். போன வாரம், “நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி” என்றாள். பள்ளியோ, “செல்போனில் நடப்பதற்கு நாங்கள் பொறுப்பல்ல” என்கிறது. சின்னப் பிள்ளைகள் மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: அம்மா, வழக்கைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் மகள் சொன்ன அந்த வார்த்தையைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேசலாம். மருத்துவரின் குறிப்புகள் பின்னால் சாட்சியமாகவும் பயன்படும். போனைப் பிடுங்கி வைக்காதீர்கள். தப்பு செய்தவள் தான்தான் என்று நினைத்துவிடுவாள், அடுத்த முறை உங்களிடம் சொல்லவே மாட்டாள்.

அடுத்தது ஆதாரம். பல பெற்றோர் பதறிப்போய் முதலில் கணக்கை நீக்க வைக்கிறார்கள், அப்புறம் காட்ட ஒன்றும் இருப்பதில்லை. அந்தக் கணக்கின் முகவரி, பயனர் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஒவ்வொரு பதிவையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். குழுவில் வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அந்த போனை ரீசெட் செய்யாதீர்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இதை முடித்த கையோடு இன்ஸ்டாகிராமில் ஆள்மாறாட்டம் என்று புகார் செய்யுங்கள். 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ இப்படிப் புகார் செய்தால், 2 மணி நேரத்துக்குள் அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் (2026 பிப்ரவரித் திருத்தம் வரை இது 24 மணி நேரமாக இருந்தது). நீக்கிய விவரங்களை விசாரணைக்காக 180 நாள் பாதுகாக்கவும் வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முடியும். அடுத்தவர் அடையாளத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம். பெரியவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை. ஆனால் செய்தவர்கள் 18 வயதுக்குக் கீழே என்றால் 2015 இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும். இந்த அளவுக் குற்றத்துக்குப் பிள்ளைகள் மேல் பொதுவாக எஃப்ஐஆர் கிடையாது. காவல்துறை நாட்குறிப்பில் பதிந்து, குடும்பப் பின்னணி அறிக்கையுடன் இளைஞர் நீதி வாரியத்துக்கு அனுப்பும். வாரியம் பெற்றோரையும் கூப்பிட்டு விசாரிக்கும். கண்டிப்பு, ஆலோசனை, சமூக சேவை போன்ற உத்தரவுகள் வரலாம். அந்தப் பிள்ளைகளும் திருந்த வேண்டியவர்கள்தான், எனக்கு இது சரியான ஏற்பாடாகவே படுகிறது. அவர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நீங்கள் நினைத்தால் ஏமாந்துதான் போவீர்கள். கேலி நிற்க வேண்டும் என்றால் இந்த வழி போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். படத்தை ஆபாசமாக மாற்றியிருந்தால் விஷயமே வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டமும், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் வரும், காவல்துறைக்குத் தெரிவிப்பது பள்ளிக்கும் கட்டாயக் கடமையாகிவிடும். அப்படி ஒரு படம் இருந்தால், ஆதாரத்துக்காகக்கூட உறவினருக்கோ ஆசிரியருக்கோ அனுப்பாதீர்கள். அதை அனுப்புவதே குற்றமாகலாம். நேராகக் காவல்துறையிடம் காட்டுங்கள்.

பள்ளிக்கு வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் கொடுங்கள். நடந்தது இன்னின்னது, இத்தனை நாள் வகுப்புக்கு வரவில்லை, மருத்துவர் இப்படிச் சொல்கிறார் என்று எழுதி, எடுக்கும் நடவடிக்கையை எழுத்திலேயே கேளுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பல பள்ளிகள் அந்தக் கடிதத்துக்குப் பிறகே அசைகின்றன. அதற்கும் அசையாவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு எழுதலாம்.

காவல்துறைப் புகாரை தேசிய சைபர் குற்ற இணையதளத்திலேயே உங்கள் பெயரில் பதியலாம். பதிவதற்கு முன் மகளிடம் சொல்லிவிடுங்கள், அவளுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.