கல்லின் சுவை கோப்பைக்கு வருமா?

பிரான்சின் ஷாப்ளி ஒயினில் கடற்சிப்பியின் சுவை தெரியும் என்கிறார்கள். அந்த மண்ணில் சிப்பிப் புதைபடிவங்கள் இருப்பதுதான் காரணமா?
– வாசகர், புதுச்சேரி

புதைபடிவங்கள் இருப்பது உண்மை. அவைதான் காரணம் என்பது உண்மையல்ல.

ஷாப்ளியின் நல்ல சரிவுகளில் இருப்பது கிம்மரிட்ஜியன் காலத்துச் சுண்ணாம்புக் களி. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. எக்ஸோஜைரா விர்குலா என்ற நகத்தளவுச் சிப்பிகள் அதில் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அந்த ஓட்டைக் கழுவி நாக்கில் வைத்தால் ஒரு சுவையும் இராது. அது கால்சைட், நீரில் மிகக் கொஞ்சமே கரையும். வேர் கல்லை உறிஞ்சுவதில்லை, நீரில் கரைந்த அயனிகளைத்தான் உறிஞ்சுகிறது. கால்சியம் சிப்பி ஓட்டிலிருந்து வந்தாலும் ஜிப்சத்திலிருந்து வந்தாலும் கொடிக்கு ஒன்றுதான். ஒயினில் உள்ள கனிமங்களில் பொட்டாசியமே அதிகம். அதுவே லிட்டருக்கு ஏறக்குறைய 1 கிராம். மற்றவை நாக்குக்கு எட்டாத மில்லிகிராம் கணக்கு.

நீங்கள் கேள்விப்பட்ட சுவை வேறு வழியில் வருகிறது. குளிர்ந்த பகுதி என்பதால் அமிலம் தூக்கலாக நிற்கும். புது ஓக் பீப்பாயை அங்கே அதிகம் பயன்படுத்துவதில்லை. அதனால் வனிலா, வறுவல் வாசனைகள் அமிலத்தை மறைப்பதில்லை. சிக்கிமுக்கிக்கல்லை உரசியது போன்ற மணத்துக்குக் காரணம் பென்சீன்மீத்தேன்தயோல் என்ற கந்தகச் சேர்மம். பெயரில் கல் இருக்கிறதே தவிர, அது பாறையிலிருந்து ஏறியதல்ல.

அப்படியானால் மண்ணுக்கு வேலையே இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. ஷாப்ளியின் 7 கிராண்ட் க்ரூ (உச்சத் தர) தோட்டங்களும் செரேன் ஆற்றின் வலக்கரையில், தென்மேற்கு நோக்கிய ஒரே குன்றில் உள்ளன. மேலே மேட்டில், கடினமான போர்ட்லாண்டியன் சுண்ணாம்புக்கல்லின் மேல் விளைவது பெரும்பாலும் 'பெட்டி ஷாப்ளி' என்ற கீழ்த்தர வரிசை ஒயின்தான். சரிவில் வெயில் நன்றாக விழுகிறது. களி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. மேட்டில் மண் மெலிசு, காற்றும் அதிகம். வேறுபாடு இங்கேதான் பிறக்கிறது.

சுவை ஏறாது என்றால் மண் ஒயினை எப்படித்தான் மாற்றுகிறது?
– வாசகர், மதுரை

முதலாவதும் முக்கியமானதும் தண்ணீர். கொடிக்கு எப்போது எவ்வளவு ஈரம் கிடைக்கிறது என்பதை மண் தீர்மானிக்கிறது.

திராட்சை நிறம் மாறத் தொடங்கும் நேரத்தில் ஈரம் மெல்லக் குறைய வேண்டும். அப்போது நுனித்தளிர் வளர்வது நிற்கும், இலை தயாரிக்கும் சர்க்கரை பழத்துக்குப் போகும், பழம் சிறுத்து, சாற்றோடு ஒப்பிட்டால் தோலின் பங்கு கூடும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலிலும் விதையிலும் இருப்பதால் இது பெரிய விஷயம். ஈரம் குறையாமலே இருந்தால் தளிர் ஓடிக்கொண்டே இருக்கும், குலை நிழலில் கிடக்கும். கபெர்னே சோவின்யோன் வகையில் பச்சைக் குடைமிளகாய் வாசனை தங்கிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அறுவடைக்கு முன் மழை வந்தால் பழம் வெடித்து அழுகலும் பிடிக்கும். மறுபுறம், பூக்கும் நேரத்திலேயே வறட்சி வந்தால் பிஞ்சு பிடிக்காது. பழுக்கும்போது வறட்சி கடுமையானால் இலை உதிர்ந்து சர்க்கரை ஏறுவது நின்றுவிடும்.

பிரான்சின் போர்தோவைப் பாருங்கள். அதன் மெடோக் பகுதியில் ஆழமான சரளை. மழைநீர் உடனே வடிகிறது, வேர் கீழே தேடிப் போகிறது. அதே போர்தோவின் பொமரோலில், பெத்ருஸ் தோட்டத்தில் கனத்த நீலக் களி. களியில் தண்ணீர் நிறைய இருக்கும். ஆனால் இறுகப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாகவே விடும். சரளையும் களியும் நேரெதிர் மண்கள். இரண்டிலும் உயர்ந்த ஒயின் வருவது, இரண்டும் தண்ணீரை அளவோடு தருவதால்தான். ஷாம்பெயினின் வெண் சுண்ணாம்புப் பாறையோ கடற்பஞ்சு போல. ஒரு கனமீட்டரில் 300 முதல் 400 லிட்டர் நீர் தங்கும், கோடையில் நுண்துளைகள் வழியே மேலேறும். ஆகவே எந்தப் பாறை என்பதைவிட, அது தண்ணீரை எப்படி வைத்திருக்கிறது என்று கேட்பதே சரியான கேள்வி.

இரண்டாவது வெப்பம். ஈரக்களி வசந்தத்தில் மெதுவாகச் சூடேறும், சரளை விரைவாகச் சூடேறும். சீக்கிரம் பழுக்கும் மெர்லோ வகை குளிர்ந்த களியிலும் பழுத்துவிடும். தாமதமாகப் பழுக்கும் கபெர்னே சோவின்யோனுக்குச் சரளை வேண்டும்.

மூன்றாவது நைட்ரஜன். அதிகமானால் இலைக்காடு. மிகக் குறைந்தால் சிக்கல் நொதிக்கலனில் தெரியும்: ஈஸ்ட்டுக்குப் பயன்படும் நைட்ரஜன் சாற்றில் லிட்டருக்கு 140 மி.கி.க்குக் கீழே போனால் நொதித்தல் பாதியில் நிற்கலாம், அழுகிய முட்டை வாடை எழலாம்.

எங்கள் நிலத்தில் சுக்கான்கல் நிறைய உண்டு. புதிதாக நட்ட கொடிகளில் இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்பு மட்டும் பச்சை. என்ன செய்வது?
– வாசகர், திண்டுக்கல்

இது பெரும்பாலும் இரும்புப் பற்றாக்குறை. முதிர்ந்த அடியிலைகளில் மஞ்சள் தொடங்கினால் மெக்னீசியத்தைச் சந்தேகியுங்கள். நுனியில் தொடங்கினால் இரும்பு. மண்ணில் இரும்பு இல்லை என்று பொருளல்ல. சுண்ணாம்பு மண்ணில் ஈரம் தேங்கும்போது பைகார்பனேட் பெருகி, வேர் விடும் அமிலத்தை முறித்துவிடுகிறது. இரும்பு கரையாமல் கிடக்கிறது.

பிரான்சில் இதே துன்பம் ஒரு பெரும் நெருக்கடியாகவே வந்தது. 1860களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் ஐரோப்பியக் கொடிகளை அழிக்கத் தொடங்க, அதைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடிகளில் ஒட்டுக்கட்டினார்கள். ரிப்பேரியா வகை கோன்யாக், ஷாம்பெயின் பகுதிகளின் சுண்ணாம்பில் மஞ்சளித்துச் சோர்ந்தது. 1887இல் பியேர் வியாலா என்ற பிரெஞ்சு திராட்சை அறிஞர் அமெரிக்கா சென்று, டெக்சஸ் மாநிலத்துச் சுண்ணாம்புக் குன்றுகளில் தழைக்கும் பெர்லாண்டியேரி இனத்தைப் பரிந்துரைத்தார். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் டெக்சஸ் திராட்சை வல்லுநர் டி.வி. மன்சன். பெர்லாண்டியேரியின் குச்சி எளிதில் வேர்விடாது என்பதால் அதைப் பிற வகைகளோடு கலந்தார்கள். 41 பி அப்படிப் பிறந்த வேர்ச்செடி.

மண் பரிசோதனையில் மொத்தச் சுண்ணாம்பை மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள்; 'செயல்படு சுண்ணாம்பு' (நுண்துகளாக இருந்து எளிதில் கரையும் பகுதி) அளவையும் கேளுங்கள். வேர்ச்செடிகளில் ரிப்பேரியா குளோர் 6 சதவீதம் வரை தாங்கும், 3309 கூடர்க் 11, 110 ரிக்டர் 17, 41 பி 40. உங்கள் எண்ணைவிடக் குறைவாகத் தாங்கும் வேர்ச்செடியை நட்டுவிட்டு உரத்தால் ஈடுகட்ட முயன்றால் ஆண்டுதோறும் செலவுதான்.

நட்டுவிட்ட கொடிக்கு: தண்ணீர் தேங்காமல் பாருங்கள், பாசனத்தை இடைவெளி விட்டுக் கொடுங்கள். அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைசலை இலையில் தெளித்தால் சில வாரம் பச்சை திரும்பும், பிறகு புதுத்தளிர் மீண்டும் மஞ்சளிக்கும். மண்ணில் இடுவதானால் ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.டி.ஏ. வகை சுண்ணாம்பு மண்ணில் பிரிந்து வீணாகும்.

ஒயின் திராட்சை நட நிலம் பார்க்கிறேன். மேல்மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதுமா?
– வாசகர், ஓசூர்

போதாது. கொடி 20, 30 ஆண்டு நிற்கும். வேர் மேல்மண்ணோடு நிற்காது. நிலத்தின் மேடு, சரிவு, பள்ளம் ஒவ்வொன்றிலும் ஆள் இறங்கி நிற்கும் அகலத்தில் 1.5 மீட்டர் ஆழக் குழி வெட்டுங்கள். உள்ளே ஆள் இறங்குமுன் பக்கங்கள் சரியாதவாறு படிபோட்டு வெட்டுவது அவசியம்.

சுவரைக் கத்தியால் சுரண்டி மேலிருந்து கீழே பாருங்கள். நிறம் எங்கே மாறுகிறது? பழைய வேர்கள் எந்த ஆழத்தில் நின்று பக்கவாட்டில் திரும்புகின்றன? திரும்பும் இடத்தில் உழவு இறுக்கமோ பாறையோ இருக்கும். சாம்பல் நிறமும் துருப்புள்ளிகளும் கலந்திருந்தால் மழைக்காலத்தில் நீர் தேங்குகிறது என்று பொருள். ஒவ்வொரு அடுக்கிலும் சில சொட்டு வினிகர் விடுங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. பிறகு 0–30, 30–60, 60–90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே மாதிரி எடுத்துப் பையில் ஆழத்தை எழுதி அனுப்புங்கள். மூன்றையும் கலந்தால் அறிக்கையால் பயனில்லை. மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினால் திராட்சையின் விளைச்சல் குறையத் தொடங்கும். உப்பைத் தாங்கும் வேர்ச்செடி தேவைப்படும். மகாராஷ்டிரத்தில் டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி பரவியதற்கு உவரும் வறட்சியுமே காரணம். ஆனால் அது மிக வீரியமான வேர்ச்செடி. வளமான மண்ணில் இலைக்காடாகிவிடும். அத்தகைய மண்ணில் ஒயின் திராட்சைக்கு நான் டாக்ரிட்ஜைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பம் பகுதியில் பொட்டாஷ் அதிகம் இட்டால் பழம் இனிக்கும் என்கிறார்கள். ஒயினுக்கும் அது நல்லதா?
– வாசகர், தேனி

2023இல் புவிசார் குறியீடு பெற்ற உங்கள் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹம்பர்க் வகை. பழமாக உண்பதற்கே பெரும்பாலும் பயிராகிறது. ஒயினுக்கு என்றால் பொட்டாஷை அளந்து இடுங்கள். பழத்தில் பொட்டாசியம் மிகும்போது அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து உப்பாகப் படியும், சாற்றின் பி.எச். ஏறும், அதாவது புளிப்புத்தன்மை குறையும். வெப்பமான இரவுகளில் மாலிக் அமிலமும் குறைவதால் இழப்பு இரட்டிப்பு.

பி.எச். ஏறினால் நிறம் மங்கும், கெடுக்கும் பாக்டீரியாவுக்கு வாசல் திறக்கும். பி.எச். 3.2இல் ஒயினைக் காக்க லிட்டருக்குச் சுமார் 21 மி.கி. தனி (வேறெதனோடும் பிணையாத) சல்ஃபர் டை ஆக்சைடு போதும்; 3.8இல் அதே பாதுகாப்புக்கு 80 மி.கி. வேண்டும். நொதிக்கும் முன் லிட்டருக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் சேர்த்தால் பி.எச். தோராயமாக 0.1 இறங்கும். இலைக்காம்புப் பரிசோதனை செய்து, பற்றாக்குறை தெரிந்தால் மட்டும் பொட்டாஷ் இடுவது நல்லது.

கூழாங்கற்கள் இரவில் வெப்பம் விடுவதால்தான் ஷாத்தோநெஃப் து பாப் ஒயின் சிறந்ததா?
– வாசகர், யாழ்ப்பாணம்

கற்கள் சூட்டைப் பிடித்து இரவில் விடுவது மெய். ஆனால் தென் பிரான்சின் அந்த ஊரின் மிகப் புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்றான ஷாத்தோ ரயாஸ் மணற்பாங்கான நிலத்தில் உள்ளது. வெப்பம் ஏற்கெனவே மிகுந்த ஊரில் கூடுதல் சூடு வரமாகாது. அது உதவுவது ஜெர்மனியின் மோசல் போன்ற இடங்களில்தான். 50 டிகிரி வடக்கில், செங்குத்தான தென்சரிவில், கருஞ்சிலேட்டுக்கல் பகல் வெயிலைச் சேமித்து ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சை பழுக்கத் துணை செய்கிறது.

மணல் நிலத்தில் ஒட்டுக்கட்டாத பழைய கொடிகள் பிழைத்தது எப்படி?
– வாசகர், நாகப்பட்டினம்

ஃபிலாக்ஸெரா மண்ணின் வெடிப்புகள் வழியே வேரிலிருந்து வேருக்கு நகரும். மணலில் வெடிப்பு விழாது. துகள் சரிந்து பாதையை மூடிவிடும். லிஸ்பன் அருகே, கடலோரக் கொலாரஸில், ரமிஸ்கோ வகைக் கொடிகள் இன்றும் சொந்த வேரிலேயே நிற்கின்றன. மணலில் சத்தும் ஈரமும் இல்லாததால், நடும்போது மணலை ஆழமாகத் தோண்டி அடியிலுள்ள களியில் குச்சியை ஊன்றி, கொடி வளர வளர மணலை மீண்டும் நிரப்பிக்கொண்டு வருவார்கள்.