டிரெயினிங் காசு யார் தலையில்?

கப்பலூர் பக்கம் ஆலைகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் நெடுநாள் இருந்தவன் என்பதால் என்னிடம் வந்த கேள்விகள் இவை.

கேள்வி (திருமங்கலம்): அண்ணே, பைபாஸ் ரோட்டில் ஒரு கம்பெனி 60,000 ரூபாய் கட்டி மூன்று மாசம் டிரெயினிங் முடித்தால் வேலை உறுதி என்கிறது. அப்பா நகையை அடகு வைக்கப் போகிறார். கட்டலாமா?

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும், தம்பி. ஆள் தேவைப்படுகிறவன் ஆளிடமே காசு கேட்க மாட்டான். ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படாது' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கும். வேலையைப் பற்றி ஒரு வரி இருக்காது. நீங்களாக விரும்பி ஜாவா என்ற கம்ப்யூட்டர் மொழியைப் படிப்பது வேறு. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் கூடவே வரும் படிப்பு, அதற்குக் கைக்காசு போடலாம். அதற்கும் முன்னால், 2022இல் வந்த நான் முதல்வன் திட்டத்தில் என்ன கோர்ஸ் இருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி (மேலூர்): சார், இரண்டு வருஷ பாண்ட் கேட்கிறார்கள். நடுவில் போனால் 2 லட்சம். அசல் சான்றிதழையும் கொடுக்கணுமாம்.

பதில்: சான்றிதழைக் கொடுக்காதீர்கள். சரிபார்த்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தரட்டும்.

பாண்ட் செல்லாது என்று டீக்கடையில் சொல்வதை நம்ப வேண்டாம். வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனை செல்லும். மூன்று வருஷம் முடியும் முன்பே விலகிய அதிகாரியிடம் ஒரு பொதுத்துறை வங்கி 2 லட்சம் வாங்கியதை 2025இல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. ஆனால் 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதின தொகை அதற்கு உச்சவரம்பு, அவ்வளவுதான். ஒரு வாரம் புரொஜெக்டரில் படம் காட்டியதற்கு 2 லட்சமா? எந்தப் பயிற்சி, என்ன செலவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். மாசத்துக்கு மாசம் தொகை குறைகிற மாதிரியும் கேளுங்கள். விலகிய பிறகு போட்டிக் கம்பெனியில் சேரக்கூடாது என்ற வரி இருந்தால், அதே சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அது செல்லாது.

கேள்வி (கப்பலூர், பட்டறை முதலாளி): தொழில் சொல்லிக் கொடுத்து ஆளாக்கினால் ஓசூருக்கு ஓடிவிடுகிறான். நான் ஏன் செலவழிக்கணும்?

பதில்: உங்கள் மெஷினை ஓட்டத்தானே சொல்லிக் கொடுக்கிறீர்கள், அந்தச் செலவு உங்களுடையதுதான் முதலாளி. பாரத்தைக் குறைக்க வழி இருக்கிறது. 1961ஆம் வருஷ அப்ரண்டிஸ் சட்டப்படி பட்டதாரி, டிப்ளமோ பிள்ளைகளை எடுத்தால், குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு திருப்பித் தருகிறது. பட்டறையில் 30 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அப்ரண்டிஸ் எடுத்தே ஆகவேண்டும். அப்புறம், பயிற்சி முடிந்த கையோடு சம்பளத்தை ஏற்றுங்கள். முடித்த பிறகும் பழைய சம்பளம் என்றால் எவன் இருப்பான்?

கேள்வி (உசிலம்பட்டி): டிஎன்பிஎஸ்சி கோச்சிங்குக்குக் கடன் வாங்கலாமா அண்ணே?

பதில்: வேண்டாம்மா. மதுரை கோ.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவச வகுப்பு நடக்கும், முதலில் அங்கே போய்ப் பெயரைக் கொடுங்கள்.