கேத்தலில் குற்றமில்லை

கேள்வி: எங்கள் அடுக்குமாடி வீட்டில் கேத்தலைப் போட்டால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. இஸ்திரிக்கைப் பெட்டியைப் போட்டாலும் விழுகிறது. விளக்கும் விசிறியும் மட்டும் ஓடினால் ஒன்றும் ஆவதில்லை. மழை நாட்களில் தொல்லை அதிகம். சிறிய பிரேக்கர்கள் எதுவும் விழுவதில்லை. குளியலறையில் ஒரு ஹீட்டர், குசினியில் ஃப்ரிட்ஜ், கடல் பக்கப் பல்கனியில் சலவை இயந்திரம் இருக்கின்றன. பக்கத்து வீட்டில் எங்கள் கேத்தல் ஒழுங்காகக் கொதித்தது. ட்ரிப் சுவிட்ச்தான் பழுது, 100 மில்லியம்பியரில் ஒன்று வாங்கிப் பூட்டலாம் என்கிறார் மைத்துனர். செய்யலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: வேண்டாம் தங்கச்சி. மைத்துனர் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் புறப்படுமுன் மறித்துவிடுங்கள். 30 மில்லியம்பியர் என்பது, இவ்வளவு மின்சாரம் கசிந்தாலே சுவிட்ச் விழவேண்டும் என்று ஆள் உயிரைக் காக்க வைத்த எல்லை. 100 பூட்டினால் சுவிட்ச் விழாமல் நிற்கலாம். ஈரக் கையோடு தொடுகிறவர் விழுந்துவிடுவார்.

பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சிறிய பிரேக்கர் விழவில்லை என்றால் சுமை கூடவில்லை, ஷோர்ட்டும் இல்லை, இது மின்கசிவு. ட்ரிப் சுவிட்ச் ஒரு கறாரான கணக்குப்பிள்ளை. மின்சாரம் வரும் கம்பியான லைவில் போனது முழுதும், திரும்பும் கம்பியான நியூட்ரலில் திரும்பியதா என்பதைத் தவிர அதற்கு வேறு கவலை இல்லை. கேத்தலும் இஸ்திரிக்கைப் பெட்டியும் பேசி வைத்தாற்போல ஒன்றாகக் கசியத் தொடங்கின என்பதை நான் நம்பவில்லை. (பக்கத்து வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா? அது இல்லாத வீட்டில் கசிகிற கேத்தலும் நன்றாகத்தான் கொதிக்கும்.)

என் சந்தேகம், வேறெங்கோ நியூட்ரல், நிலத்துக்குப் போகும் எர்த் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விளக்குகள் இழுக்கும் மின்னோட்டம் அற்பம். அதில் வழிதவறும் பங்கு சுவிட்சை அசைக்காது. 2,000 வாட் கேத்தலோ 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 அம்பியர் இழுக்கும். திரும்பும் வழியில் அதில் முந்நூற்றில் ஒரு பங்கு எர்த் பக்கம் நழுவினால் போதும், 30 மில்லியம்பியர் கணக்கில் குறைந்துவிடும்.

இனித்தான் பலரும் ஏமாறுகிற இடம். சுவரிலுள்ள ப்ளக் பொயின்ட் சுவிட்ச் பெரும்பாலும் லைவை மட்டுமே துண்டிக்கும். "இயந்திரத்தை நிறுத்தித்தானே வைத்திருந்தோம்" என்பார்கள். ப்ளக் செருகியிருக்கும்வரை அதன் நியூட்ரல் வீட்டோடு இணைந்தே இருக்கிறது. சிறிய பிரேக்கரை இறக்கிப் பார்ப்பதிலும் இதே குறைதான்.

ஆகவே எல்லா ப்ளக்குகளையும் கையால் கழற்றுங்கள். ஹீட்டருக்கு லைவையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் இருமுனை சுவிட்ச் இருந்தால் அதை அணைத்தால் போதும். பின்பு கேத்தலை மட்டும் போடுங்கள். சுவிட்ச் நின்றால், தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போதே மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செருகுங்கள், சுவர் சுவிட்சைப் போடாமல். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் திருடன்.

பந்தயம் கட்டச் சொன்னால் நான் பல்கனிச் சலவை இயந்திரத்தின் மேல்தான் கட்டுவேன். காலி வீதிக்குக் கடல் பக்கமுள்ள வீடுகளில், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று உப்பையும் ஈரத்தையும் சேர்த்தே கொண்டுவந்து கொட்டுகிறது. இப்படி நிற்கும் இயந்திரங்களின் பின்தகட்டைக் கழற்றினால் செப்பு முனைகளில் பச்சை பூத்திருக்கும், திருகாணித் தலையைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. காய்ந்திருக்கும்வரை சும்மா இருக்கும் உப்பு, ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும். தகட்டைக் கழற்றும் வேலை உங்களுடையதல்ல, திருத்துபவருடையது.

எல்லாம் கழற்றியும் விழுந்தால் குற்றம் சுவருக்குள். கம்பிகளின் மின்காப்பை அளக்கும் 'மெகர்' கருவியோடு வருகிறவரை அழையுங்கள். சட்டைப் பையில் டெஸ்டர் மட்டும் செருகி வருகிறவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள். நியூட்ரல் எர்த்தைத் தொடுவதை டெஸ்டர் விளக்கு காட்டாது.

கேள்வி: எங்கள் ட்ரிப் சுவிட்சின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் உடனே விழுகிறது. அப்படியானால் எர்த்தும் சரிதானே?
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இல்லை. அந்தப் பொத்தான் சுவிட்சுக்குள்ளேயே ஒரு சிறு கசிவை உண்டாக்கிப் பார்க்கிறது. எர்த் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போயிருந்தாலும் சுவிட்ச் விழும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள், நல்லது. எர்த்தைத் தனியாக அளப்பித்துக்கொள்ளுங்கள்.