லண்டனில் கோழிக்கடை எடுக்கப் போற தம்பிக்கு

தம்பி, கேட்டது மூண்டு: தெற்கு லண்டனில ஒரு பொரிச்ச கோழிக்கடை எடுக்கலாமோ, குளிர் தாங்குமோ, பிள்ளையளுக்கு எந்தப் பள்ளிக்கூடம். குளிருக்கு நல்ல சப்பாத்து வாங்குங்கோ. பள்ளிக்கூடத்தை வேற ஆரிட்டையும் கேளுங்கோ.

"மோர்லிஸ் முதலாளியும் எங்கட ஆள்தானே" எண்டு அந்தப் பெரிய லண்டன் கோழிக்கடைச் சங்கிலியைப் பற்றி எழுதியிருந்தீங்கள். ஓம், கண்ணலிங்கம் செல்வேந்திரன் அதை சிடன்ஹாமில 1985இல தொடங்கினவர். கே.எஃப்.சி. 1965இலேயே வட இங்கிலாந்தில பிரெஸ்டன் நகரத்துக்கு வந்து சனத்தின்ர நாக்கைப் பழக்கியிட்டுது. பிறகு டெனஸி, டல்லாஸ், கன்சாஸ் எண்டு பாதி அமெரிக்கா கோழிக்கடைப் பேர்ப் போர்ட்டில ஏறிச்சுது. ஆனா அப்ப 400 மீற்றர் விதி இல்லை. இப்ப பள்ளி வாசலில இருந்து அவ்வளவு நடைதூரத்துக்குள்ள புது டேக்அவே வேண்டாம் எண்டு லண்டன் மேயரின்ர கட்டிடத் திட்டமான லண்டன் பிளானே சொல்லுது. அதாலதான் பழைய கடையளுக்கு இவ்வளவு குட்வில் விலை, அதாவது நடக்கிற கடையின்ர பேருக்கும் வாடிக்கைக்கும் குடுக்கிற காசு.

அந்தக் காசைக் குடுக்க முதல் கவுன்சில் பதிவைப் பாருங்கோ. கட்டிடப் பாவனை அனுமதியில 2020 செப்டம்பரில இருந்து டேக்அவே தனி வகை. கஃபே அனுமதியைக் காட்டி விக்கிறவை இருக்கினம். இரவு 11க்குப் பிறகு சூடா விக்க வேற லைசன்ஸ். லீஸைப் புதுப்பிக்கிற உரிமையைத் தாற 1954 சட்டப் பாதுகாப்பை அதில எடுத்துவிட்டிருந்தால், தவணை முடிய கட்டிடச் சொந்தக்காரன் எழும்பச் சொல்லலாம், குட்வில் காற்றோட போகும். கூரை திருத்துறதும் உங்கட தலையிலயோ, சொந்தப் பிணை கேக்கிறானோ எண்டும் பாருங்கோ.

எங்கட ஆக்கள் மிச்சம் பிடிக்கிறது இரண்டு இடத்தில: சொலிசிட்டர் பீஸ், புகைக்குழாய் கழுவுற காசு. குழாயில கொழுப்புப் பிடிச்சு நெருப்பெடுத்தால், கழுவின சேர்ட்டிபிக்கட் இல்லாமல் இன்சூரன்ஸ் கையை விரிக்கும்.

எண்ணெயை ஒவ்வொரு இரவும் வடிகட்டுங்கோ. அடியில கிடக்கிற மாத்தூள் கருகித்தான் எண்ணெய் கெடுது. ஒரே நேரத்தில நிறையக் கோழி அள்ளிப் போட்டால் சூடு இறங்கி மா எண்ணெய் குடிக்கும். உறைஞ்ச கோழி போட்டால் வெளியில சிவந்து எலும்படி வேகாது. தடிச்ச துண்டுக்குள்ள 75 பாகை 30 செக்கன் நிக்கவேணும்.

கணக்குப் போடேக்கை வாட் (VAT) எண்ட விற்பனை வரியை மறக்காதேங்கோ. வருசத்துக்கு 90,000 பவுண் வியாபாரம் தாண்டினால், 6 பவுண் சாப்பாட்டில 1 பவுண் அரசாங்கத்துக்கு.

கடைசியா, விசா எது எண்டு நீங்கள் எழுதேல்லை. ஸ்டூடன்ட் விசா எண்டால் சொந்தத் தொழிலே செய்யேலாது. "கம்பனிக்கு உம்மட பேரைப் போடுவம்" எண்டு ஆரும் வந்தால், கதவைச் சாத்துங்கோ.