நெவில் சேம்பர்லின் வெறும் கோழைதானா?

இட்லரிடம் பணிந்துபோனவர் என்பதைத் தவிர சேம்பர்லினைப் பற்றிச் சொல்ல எதுவுமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறையவே இருக்கிறது.

1937-ல் பிரிட்டனின் பிரதமராவதற்கு முன்பே அவர் பெரிய சீர்திருத்தக்காரர். பர்மிங்காம் மேயராக 1916-ல் நகராட்சி வங்கி தொடங்கினார். சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1925-ல் விதவைகளுக்கு ஓய்வூதியச் சட்டம் வந்தது. அவர் ஆட்சியில், 1938-ல், தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் விடுமுறை தரும் சட்டமும் நிறைவேறியது. இதையெல்லாம் இன்று யார் நினைக்கிறார்கள்?

எல்லாவற்றையும் மூனிக் ஒப்பந்தம் விழுங்கிவிட்டது. 1938 செப்டம்பரில் செக்கோஸ்லோவாக்கியாவின் சுடேட்டன் பகுதியை இட்லருக்கு விட்டுக்கொடுத்தார்கள். அந்த நாட்டைப் பேச்சுவார்த்தையில் உட்காரவிடவே இல்லை. எனக்கு இது மன்னிக்க முடியாததாகவே படுகிறது. ஆனால் லண்டன் திரும்பியவரை மக்கள் ஆரவாரத்தோடு வரவேற்றார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. முதல் உலகப்போரில் பிள்ளைகளை இழந்த தலைமுறை அது.

1939 மார்ச்சில் இட்லர் செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகாவுக்குள் நுழைந்ததும், போர் வராது என்ற நம்பிக்கை நொறுங்கியது. இன்னொரு பக்கம், 1940-ல் பிரிட்டனைக் காத்த போர் விமானங்களுக்கும் ரேடார் நிலையங்களுக்கும் பணம் ஒதுக்கியதில் சேம்பர்லினுக்கும் பங்குண்டு.

1940 மே 10 அன்று பதவி விலகினார். ஆறே மாதத்தில் புற்றுநோயால் இறந்தார். தன் தரப்பை எழுதிவைக்க அவருக்கு ஆயுள் இல்லை. அவருக்கு அடுத்துப் பிரதமரான சர்ச்சிலுக்கோ இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன.