குறைந்த பட்ஜெட்டில் கேம் விளையாட எந்த கிராபிக்ஸ் கார்டு எடுக்கலாம்?

கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது, எந்தக் கார்டு எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் மானிட்டரைப் பாருங்கள். அது 1080பி திரை என்றால் 4கே-க்கான கார்டுக்குச் செலவழிக்கவே வேண்டாம்.

அப்புறம் கார்டின் சொந்த மெமரி. நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். புதிய கேம்கள் பலவற்றுக்கு 4 ஜிபி போதாது. டெக்ஸ்சர்கள் (கேமில் பொருள்களின் மேற்பரப்பைக் காட்டும் படங்கள்) அதில் அடங்காமல் கம்ப்யூட்டரின் ராமுக்குப் போய்வரும்போது படம் திக்கித் திக்கி நகரும். குறைந்தது 8 ஜிபி இருக்கட்டும். ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி விலை குறைவு என்று பலர் எடுக்கிறார்கள். வழக்கமான மாடலில் 4 ஜிபிதான், பிசிஐஇ லேனும் (கார்டும் மதர்போர்டும் டேட்டா பரிமாறும் பாதை) 4தான். பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் போட்டால் வேகம் இன்னும் இறங்கும். அதைவிட, பிறர் பயன்படுத்திய ஆர்எக்ஸ் 6600 நல்ல தேர்வு: 8 ஜிபி, 132 வாட். டிஎல்எஸ்எஸ் (குறைந்த தெளிவில் வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கி வேகம் கூட்டும் என்விடியா வசதி) வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 3060. 8 ஜிபி மாடலும் உண்டு, 12 ஜிபிதானா என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு 170 வாட் வேண்டும்.

பவர் சப்ளையில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் கேபிள் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள். பழைய கார்டு என்றால், கனமான கேம் ஒன்றைச் சிறிது நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.