பாலின வன்முறைத் தடுப்பை வீடியோ கேம் வழியே கற்பிக்க முடியுமா?

கேள்வி: இளையோர் மையம் ஒன்றில் பயிற்றுநராக இருக்கிறேன். 14 முதல் 16 வயது வரையுள்ள 30 மாணவ, மாணவியர் வருகிறார்கள். பாலின அடிப்படையிலான வன்முறை பற்றிச் சொற்பொழிவு ஏற்பாடு செய்தால் பையன்கள் சிரிக்கிறார்கள். பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். வீடியோ கேம் மூலம் இதைச் சொல்லித்தரலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. 45 நிமிட வகுப்புகள் இரண்டும், 15 கணினிகளும் கிடைக்கும். எப்படிப்பட்ட கேமைத் தேர்ந்தெடுப்பது? எல்லாம் விளையாட்டாகவே முடிந்துவிடாதா?

பதில்: கற்பிக்க முடியும். ஆனால் கேமே கற்பித்துவிடும், நாம் பக்கத்தில் நின்றால் போதும் என்று தொடங்கினால் நீங்கள் அஞ்சுவதுபோலவே ஆகும். சொற்பொழிவில் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவரை, கேம் ஒரு முடிவெடுக்க வைக்கிறது. அந்த முடிவை ஏன் எடுத்தோம் என்று அவர் வாய்திறந்து பேசத் தொடங்கும்போதுதான் கற்றல் நிகழ்கிறது. அந்தப் பேச்சை நடத்த வேண்டியவர் நீங்கள். ஆகவே 45 நிமிடத்தில் ஆட்டத்துக்கு 15 நிமிடத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள்.

நான் நடத்திய ஓர் அமர்வில் பயன்படுத்திய எளிய கேம் ஒன்றைச் சொல்கிறேன். திரை முழுவதும் ஒரு கைபேசி மட்டுமே. ஆடுபவர் 16 வயதுப் பையனாக இருக்கிறார். தோழி ஒரு மணி நேரமாகப் பதில் அனுப்பவில்லை. காத்திருப்பது, எங்கே இருக்கிறாய் என்று கேட்பது, இருக்கும் இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது, அவளுடைய சிநேகிதியைக் கூப்பிட்டு விசாரிப்பது என நான்கு வழிகள் தரப்படுகின்றன. ஒரே கணினியில் அமர்ந்திருந்த இரண்டு பையன்கள் சற்றும் தயங்காமல் மூன்றாவதை அழுத்தினார்கள். படம் வந்தது. அடுத்த முறை அவள் தாமதித்தபோது திரையில் வந்த வழிகளில் 'காத்திருப்பது' இல்லை. "அது எங்க போச்சு?" என்றான் ஒருவன். "நாமதானடா அப்பவே..." என்று தொடங்கிய மற்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். அக்கறைக்கும் கண்காணிப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க நான் எழுதி வைத்திருந்த குறிப்பு அன்று தேவைப்படவில்லை. படம் வந்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது, அதை அனுப்பியவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று கேட்டதோடு சரி. மீதி நேரத்தை அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

இது புதிய முயற்சியும் அல்ல. 2010 உலகக் கோப்பைக் காற்பந்தின்போது ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவோடு 'பிரேக்அவே' என்ற கேம் வெளியானது. அமெரிக்காவின் சாம்ப்ளெய்ன் கல்லூரி மாணவர்கள் அதை உருவாக்கினார்கள்; கேமரூன் வீரர் சாமுவேல் எட்டோ தம் உருவத்தைப் பயன்படுத்த அனுமதித்தார். பெண்களுக்கு எதிரான வன்முறையைப் பற்றிப் பையன்களிடம் பேச வேண்டுமானால் அவர்கள் ஏற்கெனவே கூடியிருக்கும் மைதானத்துக்கே போக வேண்டும் என்ற கணிப்புதான் அதன் பலம். பிரிட்டனின் ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழகம் வழிநடத்திய 'நன் இன் த்ரீ' திட்டம், குடும்ப வன்முறையை ஒரு சிறுவனின் வீட்டுக்குள்ளிருந்து காட்டும் 'ஜெஸ்ஸி' என்ற கேமைக் கரீபியத் தீவுகளின் இளையோருக்காகத் தயாரித்தது. 'ஜெனிஃபர் ஆன்ஸ் குரூப்' என்பது, பதின்வயது மகளை அவளுடைய முன்னாள் காதலனின் வன்முறைக்குப் பலிகொடுத்த தந்தை அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு. அது 2008 முதல் கேம் வடிவமைப்புப் போட்டி நடத்தி, தேர்வானவற்றை இலவசமாகத் தருகிறது. வன்முறையைப் பற்றிப் பேசும் கேமுக்குள் வன்முறைக் காட்சி இருக்கக்கூடாது என்பது அந்தப் போட்டியின் நிபந்தனை. முதல் அடி விழுவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிடும் ஒன்றைக் காட்ட அடி விழும் காட்சி தேவையில்லை என்பதால், அந்த நிபந்தனையை நானும் உங்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

இனி, தேர்வில் பலர் கோட்டைவிடும் இடத்துக்கு வருகிறேன். தோற்றால் அது ஆடியவருடைய பிழை என்பதே எந்த கேமுக்கும் அடிப்படை விதி. இந்த விதியை அப்படியே எடுத்துக்கொண்டு, ஆபத்தில் சிக்காமல் வீடு திரும்ப வேண்டிய பெண்ணாக ஆடுபவரை நிறுத்தி, எந்தப் பாதையில் போகலாம், என்ன உடுத்தலாம், யாரோடு பேசலாம் என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும் கேம்கள் உண்டு. நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் சரியாக ஆடினால் தப்பிக்கலாம் என்று சொல்லும் கேம், தப்பிக்காதவள் சரியாக ஆடவில்லை என்றும் சேர்த்தே சொல்கிறது. உங்கள் வகுப்பில் அப்படியொரு அனுபவத்தைச் சுமந்துகொண்டு ஒரு சிறுமி அமர்ந்திருந்தால், 'மீண்டும் முயற்சி செய்க' என்று திரையில் எழும் வாசகம் அவளுக்கு என்ன சொல்லும் என்று எண்ணிப் பாருங்கள். இத்தகைய கேம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

ஆடுபவரை இரண்டு இடங்களில் ஒன்றில் நிறுத்தும் கேமே உங்களுக்கு உகந்தது. ஒன்று, மேலே சொன்னதுபோல அதிகாரம் செலுத்தக்கூடியவரின் இடம். மற்றொன்று, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் மூன்றாம் நபரின் இடம். என் அனுபவத்தில் முதல் வகுப்புக்கு இரண்டாவதே பொருந்தும். உன்னைக் குற்றவாளி என்று சொல்லவில்லை, நீ என்ன செய்வாய் என்றுதான் கேட்கிறோம் என்று தெரிந்தவுடன் பையன்களின் தற்காப்புச் சிரிப்பு பெருமளவு அடங்கிவிடுகிறது. அருகில் இருப்பவர் செய்யக்கூடியதை ஐந்து வகையாகப் பயிற்சிகளில் சொல்வதுண்டு: நேரடியாகத் தடுப்பது, பேச்சை வேறு பக்கம் திருப்பி அந்தச் சூழலைக் கலைப்பது, பொறுப்புள்ள வேறொருவரை அழைப்பது, நடந்து முடிந்தபின் பாதிக்கப்பட்டவரிடம் போய்ப் பேசுவது, பாதுகாப்பான தொலைவிலிருந்து பதிவு செய்து அந்தப் பதிவைப் பாதிக்கப்பட்டவரிடமே ஒப்படைப்பது. தட்டிக்கேட்பது ஒன்றே வீரம் என்று நினைக்கும் வயதில், "மணி என்ன ஆச்சு?" என்று குறுக்கே புகுந்து கேட்பதும் தலையீடுதான் என்பது அவர்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பாக இருக்கும்.

மதிப்பெண் தரும் கேம்களையும் தவிர்க்கலாம். ஆசிரியர் எந்த விடையை விரும்புவார் என்று மோப்பம் பிடிப்பதில் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். புள்ளி கிடைக்கும் என்றால் இரண்டு நிமிடத்தில் முழு உத்தமர்களாகி ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். தேர்ந்தெடுத்த கேமின் தவறான பாதைகள் உட்பட எல்லாப் பாதைகளையும் நீங்கள் முன்கூட்டியே ஆடிப் பார்த்திருக்க வேண்டும். கணக்கு தொடங்கவோ பெயரையும் வயதையும் பதிவு செய்யவோ கேட்கும் கேம் வேண்டாம்.

30 பேருக்கு 15 கணினிகள் என்பது குறையல்ல, வசதிதான். இருவராக அமர்ந்தால் பொத்தானை அழுத்துமுன் ஒருவர் மற்றவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும். தொடங்குமுன் இரண்டு விதிகளைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேச்சு கதாபாத்திரங்களைப் பற்றியதாகவே இருக்கும், சொந்த அனுபவத்தை யாரும் அறையில் சொல்ல வேண்டியதில்லை என்பது முதலாவது. ஆட விரும்பாதவர் காரணம் சொல்லாமல் குறிப்பெடுப்பவராக இருக்கலாம் என்பது இரண்டாவது. உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தம் துணையின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானவர் என்பது 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மதிப்பீடு. ஆகவே உங்கள் அறையில் சிலருக்கு இது கதையாக இருக்காது.

வகுப்பு முடிந்தபின் யாரேனும் தயங்கி நின்றால் அவசரப்படாமல் கேளுங்கள், நீ சொல்வதை நம்புகிறேன் என்று சொல்லுங்கள், துருவிக் கேட்காதீர்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்குறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஏனெனில் பல நாடுகளில் இத்தகைய தகவலை உரிய அதிகாரிக்குத் தெரிவிக்கும் கடமை சட்டப்படி உங்களுக்கு இருக்கக்கூடும். உங்கள் மையத்தில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர் யார், அவர் அடுத்து என்ன செய்வார் என்பதை முதல் வகுப்புக்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாடு இல்லையென்றால், கேம் தயாராக இருந்தாலும் வகுப்பைத் தள்ளிப்போடுவதே சரி.

உங்கள் மாணவர்கள் வீட்டில் ஆடும் பிரபலமான ஆன்லைன் கேம்களையும் மறந்துவிடாதீர்கள். குரல் அரட்டையில் ஒரு பெண்குரல் கேட்டவுடன் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். உங்களைவிட அவர்களுக்கு அதிகம் தெரிந்த இடம் அது. பெண்பிள்ளைகளில் சிலர் மைக்கை அணைத்தே வைத்திருப்பதையும், ஆண்பெயரில் ஆடுவதையும் பையன்கள் அன்றுதான் கேள்விப்படக்கூடும்.

பலன் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். இரண்டு வகுப்புகள் நடத்தையை மாற்றிவிடும் என்று நிர்வாகத்துக்கு எழுதிக்கொடுக்காதீர்கள். அமெரிக்காவில் கவனமாக ஆராயப்பட்டு, நான்கு ஆண்டுகள் கழித்தும் பலன் தெரிந்த 'சேஃப் டேட்ஸ்' என்ற பள்ளித் திட்டத்தில் 10 வகுப்புகளும், ஒரு நாடகமும், ஒரு சுவரொட்டிப் போட்டியும் இருந்தன. உங்களால் முடிந்த அளவீடு எளிமையானது: முதல் வகுப்புக்கு முன் ஒரு சூழலை எழுதிக் கொடுத்து, நீ அங்கே இருந்தால் என்ன செய்வாய் என்று பெயரில்லாமல் எழுதச் சொல்லுங்கள், அதே கேள்வியை இறுதியிலும், மூன்று மாதம் கழித்தும் கேளுங்கள். கேம் பிடித்திருந்ததா என்ற கேள்விக்கு வரும் விடையால் பயனில்லை.

இரண்டாவது வகுப்பில் கணினியே வேண்டாம். முதல் நாள் ஆடியதில் ஒரே ஒரு காட்சியைத் தாளில் எழுதிக் கொடுத்து, அதில் இல்லாத ஐந்தாவது வழி ஒன்றையும், அதை அழுத்தினால் அடுத்த திரையில் என்ன வரும் என்பதையும் இருவர் இருவராக எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பகுதியில்தான் அதிகம் வாதாடுவார்கள். நேரத்தை அதற்கு விட்டுவைத்திருங்கள்.